மஞ்சளுக்கு வந்த வழக்கு

சிறு வயதில் நான் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்து நின்றால், பாட்டி முதலில் திட்டுவாள். பிறகு மஞ்சள் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, கரண்டியில் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் காயத்தில் அப்புவாள். நான் போடும் கூச்சல் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதை ஒரு கண்டுபிடிப்பு என்று அவள் நினைத்ததில்லை. புளி கரைப்பது போல அதுவும் ஒரு வீட்டு வேலை.

அந்த மஞ்சளுக்கும் ஒரு வழக்கு வந்தது. 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 5,401,504 என்று எண்ணிட்டு உரிமை வழங்கியது. பெற்றது மிஸிஸிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம். மனுச் செய்த ஆராய்ச்சியாளர் இருவரும் இந்திய வம்சாவளியினர்! அவர்கள் வீட்டுப் பாட்டிமார்கள் மஞ்சளை அறியாதவர்களா என்ன?

நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-இல் ஆட்சேபித்தது. “எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இதைத்தானே செய்கிறார்கள்” என்றால் போதாதோ? போதாது. வெளிநாட்டு வழக்கம் எதுவானாலும் அது எழுத்தில் வெளிவந்திருந்தால்தான் அன்றைய அமெரிக்கச் சட்டம் அதைச் சாட்சியாக ஏற்கும். ஆகவே சம்ஸ்கிருதம், உருது, ஹிந்தி என்று தேடி 32 ஆதாரங்களைத் திரட்டினார்கள். இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த கட்டுரையும் அவற்றில் ஒன்று. 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இதில் புதுமை இல்லை’ என்பதுதான் தீர்ப்பு. மஞ்சள் எந்தக் காயத்தை எவ்வளவு ஆற்றும் என்பது அங்கே கேள்வியே அல்ல. அதை ஆராய்ச்சிசாலைதான் சொல்ல வேண்டும். ஆழமான காயத்துக்கு இன்றும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இத்தகைய சண்டை மறுபடி வராதிருக்க, 2001-இல் பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு மின்னூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகிய முறைகளின் நூல்களிலுள்ள மருந்துகளை ஐந்து அயல்மொழிகளில் அதில் தொகுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஏட்டில் ஏறியதைத்தானே ஏட்டிலிருந்து எடுக்க முடியும்? பாட்டிக்கு எழுதத் தெரியாது.

இருமலுக்கு அவள் ஒரு கஷாயம் வைப்பாள். மஞ்சளும் மிளகும் நினைவிருக்கின்றன. கொல்லைக்குப் போய் ஓர் இலை கிள்ளி வருவாளே, அது என்ன இலை? எழுதப் படிக்கத் தெரிந்த பேரன் நான் ஒருவன் பக்கத்திலேயே இருந்தேன். கேட்டு எழுதி வைக்கத் தோன்றவில்லை. இனி எந்த அலுவலகத்தில் மனுப் போட்டு அதைத் திரும்பப் பெறுவது?