மாற்றுத்திறன் மாணவர் தரவுத் திரட்டு (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் படிக்கப் பள்ளி என்ன உதவி செய்கிறது என்பதை ஆண்டுதோறும் பதியும் தேசியக் கணக்கெடுப்பு. அரசுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி, தனியார் பள்ளி என எல்லாவற்றிலும் 2015 முதல் நடைபெறுகிறது. 1992ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் கல்வித் தர விதிகளும் இதற்கு அடிப்படை.

மருத்துவச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. தக்க காரணங்களோடு குறைபாடு இருப்பதாகப் பள்ளி கருதினால் போதும். நிபுணரிடம் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் விடுபடுவதில்லை. ஆனால் முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 10 பள்ளி வாரங்கள் உதவி அளித்ததற்கான சான்றைப் பள்ளி வைத்திருக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், சைகைமொழி பெயர்ப்பாளர் போன்றவை அத்தகைய உதவிகள். இந்தப் பதிவு வேலை ஆசிரியர்மேல் கூடுதல் சுமைதான். ஆயினும் உதவி சொல்லளவில் நின்றுவிடாமல் காப்பதும் அதுவே.

குறைபாடுகள் உடல், அறிதிறன், புலன், சமூக-உணர்வு என நான்கு வகைப்படும். வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா அறிதிறன் வகையில் சேரும். உதவியும் நான்கு நிலைகளில் பதியப்படுகிறது. 2018 முதல் மேல் மூன்று நிலைகளுக்கு ஒன்றிய அரசின் கூடுதல் நிதி உண்டு. வழக்கமான வகுப்பறைக் கற்பித்தலுக்குள்ளேயே உதவி பெறும் முதல் நிலைக்கு அது இல்லை.

கணக்கெடுப்பு ஆகஸ்டில் நடக்கும். அதற்குமுன் பள்ளிச் செய்திமடல்களில் பெற்றோருக்கு அறிவிப்பு வெளியாவது வழக்கம். ஒன்றிய அரசுக்குச் செல்லும் தரவில் மாணவர் பெயர் இடம்பெறாது.