பையன் கேட்ட கேள்வியும் ஈரல் காளானும்



1845-இல் தொடங்கிய அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "காட்டுல தின்ன எதுவுமே கிடைக்கலையா சார்?" என்று கேட்டான். பதில் தெரியாமல், "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். அது என் தவறு. இப்போது சொல்கிறேன்.

அயர்லாந்தில் காடுகள் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தன. ஆனால் அதே கிழங்கு நோய் தாக்கிய இங்கிலாந்தில் ஓக் காடுகள் இருந்தன. மருத்துவராக இருந்து பாதிரியாரான சார்லஸ் டேவிட் பேடம், 1847-இல் உண்ணத்தக்க காளான்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏழைகள் பசித்திருக்க, நல்ல உணவு பறிக்க ஆளில்லாமல் காட்டில் அழுகுகிறதே என்பதே அவருடைய ஆதங்கம்.

அவர் பாராட்டியவற்றில் ஒன்று ஈரல் காளான். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் ஓக், செஸ்ட்நட் மரங்களில் சிவந்த நாக்கு நீட்டியதுபோல் முளைக்கும். வெட்டினால் சிவப்புச் சாறு வடியும். உள்ளே இறைச்சிபோல வரிவரியாக இருக்கும். அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் நுண்குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். இதுதான் முக்கியமான அடையாளம். சுவை சற்றுப் புளிப்பு.

தம்பி, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள்: அங்கே உணவு இருந்தது. அதை அடையாளம் கண்டவர்கள்தான் குறைவு.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு நம்மூர் மரத்தில் முளைத்ததைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். நேரில் காட்டித்தர விவரம் தெரிந்தவர் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்