மலைமுகடு முதல் செய்மதி வரை: கல்முனைக் கடலில் இடமறிதல்

அம்பாறை மாவட்டக் கரையோரம் தாழ்ந்த நிலம். படகு சிறிது தூரம் சென்றதும் தென்னை வரிசை மறைந்துவிடும். அதன் பின்னரும் நெடுநேரம் கண்ணுக்குத் தெரிவன உள்நாட்டு மலைகளே. சியம்பலாண்டுவையை அடுத்த கோவிந்தஹெல குன்றை ஆங்கிலேயர் ‘வெஸ்ட்மின்ஸ்டர் அபே’ என்றனர். அதற்கு வடக்கேயுள்ள மற்றொன்றுக்குத் துறவியின் முக்காடு எனப் பொருள்படும் ‘பிரையர்ஸ் ஹூட்’ என்று பெயர். கப்பலோட்டிகளுக்கு இவை அடையாளங்களாயிருந்தன.

எமது கடற்றொழிலாளரின் கணக்கும் அதுவே. அருகிலுள்ள பள்ளிவாசல் மினாராவையும் தூரத்து முகடொன்றையும் நேர்கோட்டில் பிடித்து, வேறோர் இணையால் அக்கோட்டை வெட்டினால் வலை விரிக்கும் இடம் கிடைத்துவிடும். இரவில் நட்சத்திரம். எல்லாம் கைவிட்ட வேளையில் இறைவன். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்றி நினைவுகூரப்படும் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம், ஓட்டை விழுந்த கப்பலைக் காத்ததாகப் போற்றப்படுபவர் என்பது தற்செயலானதன்று.

ஜி.பி.எஸ். கருவி இக்கணக்கை மாற்றியது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு அது இடத்தைக் கணிக்கின்றது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே புகுத்தியிருந்த, ஏறக்குறைய 100 மீற்றர் வரையிலான பிழை 2000 மே 2 இல் நீக்கப்பட்டது. ஆனால் அப்போது எமது கடலில் யுத்தம். கடற்றொழிலுக்கே கட்டுப்பாடுகள் இருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளின் படகுகளை அள்ளிச் சென்றது. நிவாரணமாகப் புதிய பைபர் படகுகள் வந்தன. யுத்தம் 2009 இல் முடிந்தபின் ஆழ்கடல் மீண்டும் திறந்தது.

எனினும், கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. ஒலுவிலைப் பாருங்கள். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவான அத்துறைமுகம் டென்மார்க்கின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்புகள் மறித்தன. நுழைவாயிலை மணல் மூடியது; வடக்கே தென்னந்தோட்டங்களைக் கடல் தின்றது. கருவியின் திரையில் வாயில் திறந்தே இருக்கும். அடியில் மணல்திட்டு வளர்ந்திருக்கும். நுழைய முடியாத பலநாட் படகுகள் வாழைச்சேனையை நாடின.

மற்றொன்று, என் பார்வையில் இதைவிடப் பாரதூரமானது. ஜி.பி.எஸ். படகிலிருப்பவருக்கு அவரது இடத்தைச் சொல்லும்; கரைக்குச் சொல்லாது. காணாமற்போன படகுகளைப் பற்றிப் பலமுறை செய்தி எழுதியவன் நான். அப்போதெல்லாம் உறவினரிடம் இருந்தது புறப்பட்ட நேரம் மட்டுமே. கச்சான் காற்றுக் காலத்தில் இயந்திரம் நின்ற படகு கரையை விட்டு விலகியே செல்லும். தேட வேண்டிய பரப்பு மணிக்கு மணி விரியும்.

கரையிலிருந்து கண்காணிக்கும் கருவிகளும் வந்தன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இலங்கை மீனுக்குத் தடை விதித்ததை அடுத்தே பலநாட் படகுகளில் அவை பரவலாகப் பொருத்தப்பட்டன. சட்டவிரோத மீன்பிடியைத் தடுப்பதே அதன் பிரதான நோக்கம். 2016 இல் தடை நீங்கிற்று. உயிருக்காக வராத கருவி ஏற்றுமதிக்காக வந்தது! அன்றாடம் சென்று திரும்பும் பைபர் படகுகள் அத்திட்டத்தில் அடங்கவில்லை.

வலை விரிக்கும் இடத்தின் இலக்கங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் செலவேதும் இல்லை. தேடுவோருக்குத் தொடக்கப் புள்ளியாவது கிடைக்கும். ஆனால், மீன் விழும் இடத்தை எழுதிக் கொடுக்க எந்தப் படகோட்டி சம்மதிப்பார்?