அறிவொளியின் சைக்கிளும் மேகக் கணிமையும்: புதுக்கோட்டை மாவட்டத்தில் பணியிடக் கற்றல்

வேலை செய்யும் இடத்தில், அந்த வேலையின் பொருட்டு, வேலை செய்பவரே கற்றுக்கொள்வது பணியிடக் கற்றல். புதுக்கோட்டை மாவட்டத்தில் இதன் அண்மைக்கால வரலாறு இரண்டு தொழில்நுட்பங்களோடு பிணைந்திருக்கிறது. ஒன்று, 1990களின் தொடக்கத்தில் வந்த சைக்கிள். மற்றொன்று, 2017க்குப் பின் வந்த மேகக் கணிமை. பாடமும் பதிவேடும் தேர்வும் சான்றிதழும் தொலைதூர சர்வர்களில் இருக்க, ஊழியர் தம் கைபேசி வழியே அவற்றை எட்டுவதே இந்த இரண்டாவது ஏற்பாடு. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு முதலில், சைக்கிள் கட்டத்தைப் பற்றி நிலைபெற்றுவிட்ட ஒரு வாசிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்த வாசிப்பு பத்திரிகையாளர் பி. சாய்நாத்துடையது. வறட்சி மாவட்டங்களைப் பற்றி அவர் எழுதி 1996இல் நூலாக வந்த கட்டுரைகளில் ஒன்று புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றியது. இந்தி வடிவில் எட்டாம் வகுப்புப் பாடமாகவும் ஆனதால், தமிழ்நாட்டுக்கு வெளியே பலர் இம்மாவட்டத்தை அறிந்ததே அதன் வழியாகத்தான். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் தூண்டுதலால் பதினெட்டு மாத அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினர் என்றும், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் இது கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம் என்றும் அவர் கணக்கிடுகிறார். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்ததையும் பதிவு செய்கிறார். பொருளாதாரப் பயனை அவர் மறைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாவதும், விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிவதும் அவர் கட்டுரையில் உண்டு. ஆனால் அதை மட்டும் பெரிதாகப் பேசுவது தவறு என்றும், சுயமரியாதையும் விடுதலை உணர்வுமே சாரம் என்றும் முடிக்கிறார். பின்னால் எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

சுயமரியாதை முக்கியமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பெண் சைக்கிள் ஏறினால் தெருவே கேலி பேசிய காலம் அது. ஆயினும் வேலையையும் விடுதலையையும் இரு தட்டுகளில் வைத்து ஒன்றை மேலாக்கும் இந்த முறை, சாய்நாத்தே தந்திருக்கும் சான்றோடு பொருந்தவில்லை. அவருடைய கட்டுரையில் யார் யார் சைக்கிள் கற்றார்கள் என்று சொல்லும் ஒரு பட்டியல் வருகிறது. மேற்கோள் காட்டுவோர் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், பால்வாடி ஊழியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவோர், பள்ளி ஆசிரியைகள், கிராம சேவிகாக்கள், சத்துணவு ஊழியர்கள் என ஒன்பது பிரிவினர் அதில் இருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்போதுதான் எழுத்தறிவு பெற்றவர்கள் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தப் பட்டியலில் சாதி இல்லை, மதம் இல்லை, வயது இல்லை. ஒன்பதும் தொழில்கள். விடுதலை உணர்வைச் சாரமாகக் காணும் கட்டுரையாளர், ஆட்களை அடையாளப்படுத்த வேண்டிய இடத்தில் தொழிலின் பெயரைத்தான் கையில் எடுக்கிறார். களத்தில் அவர் கண்டது அப்படித்தான் பிரிந்து நின்றது என்பதே இதற்கு எளிய விளக்கம். செவிலியர் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போக வேண்டும். பட்டை தீட்டுபவர் கல்லை வாங்கிவந்து, தீட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். குவாரி ஊருக்கு வெளியே இருக்கும். இந்த வேலைகளில் தூரம் வேலையின் ஒரு பகுதி. சைக்கிளைக் கற்றது தொழிலின் ஒரு கூற்றைக் கற்றதாகும். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கினர் என்றும், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகச் சிலர் அதையே விரும்பினர் என்றும் வரும் குறிப்பும் இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. குழந்தையை விட்டுச்செல்ல ஆளில்லாத உழைக்கும் தாயின் தேர்வு அது.

எதிர்த்தரப்பு ஒன்று சொல்லலாம்: தொழிலின் பெயரால் ஒருவரை அடையாளப்படுத்துவது பத்திரிகை எழுத்தின் வழக்கம், அதிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது. இந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு பட்டியல் தனியாக நின்று வாதத்தைத் தாங்காது. ஆனால் கற்பித்த முறையும் அதே திசையைக் காட்டுகிறது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும், இயக்கக் காலத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய எழுத்தறிவு பற்றிய ஆங்கில நூலும் 1996இல்தான் வந்தது. இயக்கத்தை நடத்தியவரே ஆசிரியர்களில் ஒருவர் என்பதால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய நூல் அது. எனினும் வகுப்பு நடத்தியவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள் என்பதும், அவர்கள் கற்போரின் ஊரையே சேர்ந்தவர்கள் என்பதும் எல்லாத் தரப்பும் ஒப்பும் செய்திகள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். பெண் தொண்டர்களுக்கென ஐம்பது மொபெட்டுகளை யுனிசெஃப் ஒதுக்கியது. சைக்கிள் கற்பதையே பொருளாக்கி இயக்கத் தொண்டர் ஒருவர் எழுதிய பாட்டு ஊர் ஊராகப் பரவியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் கொண்ட ஏற்பாடு ஒன்று தெரிகிறது: பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஆள், கற்பவருக்கே சொந்தமாகும் கருவி, அதை வாங்கப் பணம். சக்கரம் இவற்றில் ஒன்று மட்டுமே. சைக்கிள் அதற்கு முன்பும் வாடகைக் கடைகளில் நின்றது. பெண்களிடம் போய்ச் சேரவில்லை. புதிதாக வந்தவை மற்ற இரண்டும்தாம். சாய்நாத்தின் வாசிப்பில் சக்கரம் தலைப்பு வரை ஏறிவிடுகிறது, ஏற்பாடு பின்னணிக்குப் போய்விடுகிறது. கருவி வந்தால் கற்றல் தானே வரும் என்ற இன்றைய நம்பிக்கைக்கும் இத்தகைய வாசிப்புகள் ஓரளவு வழிசெய்தன என்றே கருத வேண்டியிருக்கிறது.

கல்குவாரிகளின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். கடனுக்குக் கட்டுப்பட்டுக் கல் உடைத்துவந்த பெண்கள், அன்றைய நிர்வாகத்தின் துணையோடு குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே எடுத்து நடத்தினர். குடுமியான்மலைப் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. மாணவர் நலனுக்கென்று பாறையில் இசைப் பயிற்சிகளை வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கும் அதே ஊர் என்பதையும் இங்கே குறிக்கலாம். குவாரி நடத்துவதென்றால் குத்தகைப் பத்திரம், அனுமதிச் சீட்டு, லோடு கணக்கு, கூலிப் பங்கீடு எல்லாவற்றையும் ஒருவர் படிக்கவும் எழுதவும் வேண்டும். எழுத்தறிவும் குவாரிக் குத்தகையும் ஒரே காலத்தில், ஒரே நிர்வாகத்தின் கீழ் நடந்தன. எழுத்து இங்கே உடனடியாகப் பணத்தைத் தொட்டது. அரசுக்கு வருவாயும் குடும்பங்களுக்குக் கூலியும் கூடின. பழைய ஒப்பந்தக்காரர்களின் வன்முறை எதிர்ப்பும் வந்தது. குழுக்கள் பெரிதும் சேதப்பட்டன. கற்றது மறந்துபோனதால் இந்த முயற்சி தளரவில்லை. கற்றதைப் பயன்படுத்தும் உரிமை பறிபோனதால் தளர்ந்தது.

முதல் கட்டத்துக்கு ஒரே தேதி குறிப்பது சரியாகாது. 1991 இயக்கம் பரவிய ஆண்டு. 1992 மார்ச் அது நகரத்தின் கண்ணில் பட்ட நாள். ஊருக்கு ஊர் வெவ்வேறு மாதங்களில் நடந்த பயிற்சியை மகளிர் தினப் பேரணியோடு தொடங்கியதாகச் சொல்வது, தெரிந்ததை நடந்ததாகக் கொள்வதாகும்.

இரண்டாம் கட்டத்தின் தொடக்கமும் இவ்வாறே சிக்கலானது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான திக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கைபேசி வழிப் பதிவு, 2018 மார்ச்சில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமான போஷண் அபியானோடு பரவியது. 2019இல் நேரடி வகுப்பாகத் தொடங்கிய நிஷ்டா ஆசிரியர் பயிற்சி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், திக்ஷா வழியே இணையத்துக்கு மாறியது. 2021 மார்ச்சில் போஷண் டிராக்கர் செயலி வந்தது. தொடங்கிய ஆண்டைக் காட்டிலும், வேறு வழியின்றி எல்லா ஊழியரும் அதற்குள் வந்த ஆண்டே வரலாற்றுக்குப் பொருத்தமானது என்றால் 2020ஐக் கொள்ளலாம். இது ஒரு தேர்வே. திக்ஷாவின் ஆண்டைக் கொள்வோருக்கும் காரணம் உண்டு.

சாய்நாத்தின் பட்டியலை இந்தக் கட்டத்தில் வைத்து மறுபடி படித்தால், முன்பு இல்லாத ஒரு பிளவு அதற்குள் தெரிகிறது. ஆசிரியை, அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோர் அரசின் கீழ் பணியாற்றுபவர்கள். இவர்களுக்குத் தளமும் செயலியும் பாடமும் வந்தன. விவசாயக் கூலி, குவாரித் தொழிலாளி, பட்டை தீட்டுபவர் மூவருக்கும் அப்படி முதலாளி என்று பொறுப்பேற்க ஓர் அமைப்பு இல்லை. மேகக் கணிமையின் பாடம் இவர்களைத் தேடி வரவில்லை. 1991இல் ஒரே சைக்கிள் வகுப்பில் நின்றவர்கள் முப்பது ஆண்டுகளில் இரண்டாகப் பிரிந்தார்கள். கைபேசி உள்ளவர், இல்லாதவர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பிரிவினை இந்தப் பிளவை விளக்காது. இந்த மூன்று பிரிவினரிலும் பலரிடம் கைபேசி இருக்கிறது. பாடத்தை அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் கோடு விழுகிறது.

விவசாயக் கூலிப் பெண்ணுக்கு மேகக் கணிமை வந்தது வேறு உருவில். நூறு நாள் வேலைத் தளங்களில் வருகையைப் பதிவு செய்யும் தேசியச் செயலி 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை, இடமும் நேரமும் பதியும் படங்களை எடுத்து ஏற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதாவது வேலைத்தளத்துக்கு சிக்னலும் கைபேசியும் சர்வரும் வந்துவிட்டன. பாடம் மட்டும் வரவில்லை. தொழிலாளியைப் பற்றிய செய்தி மேலே போகிறது, தொழிலாளிக்கான செய்தி கீழே வருவதில்லை. சைக்கிள் வகுப்பு நடந்த அதே மாவட்டத்தில் இது நடப்பதை வருத்தத்தோடுதான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாடம் வந்த இடங்களிலும் ஏற்பாட்டின் உறுப்புகள் ஒரே அளவில் வரவில்லை. போஷண் அபியானின் பயிற்சிமுறையில் பாடம் 21 சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லித்தரப்பட்டது. மேற்பார்வையாளர் சொல்வார், ஊழியர் அந்த மாதமே வீடு வீடாகப் போய்ச் செய்து பார்ப்பார், அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவார்கள். இணைய வடிவம் இதற்குத் துணையாகவே வகுக்கப்பட்டது. பக்கத்தில் ஆள் இருக்கும் அறிவொளி முறையின் சாயல் இதில் உண்டு. நிஷ்டாவின் இணைய வடிவம் இதற்கு மாறானது. காணொளி பார்த்தல், வினாக்களுக்கு விடை சொல்லல், சான்றிதழ் பெறுதல் என்று அது தனி ஒருவரின் வேலையாகிறது. ஒரே பாடம் ஒரே நேரத்தில் 13 ஒன்றியங்களிலும் உள்ள ஆசிரியருக்குக் கிடைப்பதும், பிழை கண்டால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருந்துவதும் மேகக் கணிமையின் உண்மையான பலம். அறிவொளிக் காலத்து அச்சுப் புத்தகத்தால் இது முடியாது. ஆனால் நேரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்திடம் விடை இல்லை. வேலை நேரத்துக்குள் இடம் ஒதுக்காத பயிற்சி இரவில், வீட்டு வேலைக்குப் பிறகு நடக்கிறது. பெண் ஊழியருக்கு இதன் பாரம் அதிகம்.

பட்டியலில் பாடம் வராத பகுதிக்கு இனி என்ன வரக்கூடும் என்பதற்கு இரண்டு குறிகள் உள்ளன. இந்திய மொழிகளுக்கான பாஷினி திட்டம் 2022 ஜூலையில் தொடங்கப்பட்ட பிறகு, பேச்சைக் கேட்டுப் பேச்சில் விடை தரும் சேவைகளை அரசு அமைப்புகளே உருவாக்க முடிகிறது. எழுத்து வழியாக அன்றிக் குரல் வழியாகப் பாடம் வருமானால், பட்டை தீட்டுபவர் கை ஓயாமலே அதைக் கேட்கலாம். புதுக்கோட்டைப் பேச்சையும், குவாரியில் புழங்கும் சொற்களையும் அந்தக் குரல் புரிந்துகொள்ளுமா என்பது, அந்தப் பேச்சைப் பதிவு செய்து கற்றுக்கொடுப்பதைப் பொறுத்தது.

மற்றொரு குறி பணம் தொடர்பானது. குவாரித் தொழிலாளியின் பயிற்சி சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்று. சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் 1966இலேயே வந்தன. ஆனால் ஆறு மீட்டர் ஆழம் தாண்டாத, ஐம்பது பேருக்கு மிகாத, வெடி வைக்காத திறந்தவெளிக் கட்டடக்கல் குவாரிகளை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தன் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கியிருந்தது. கையால் கல் உடைக்கும் சிறு குவாரிகள் பயிற்சிக் கடமையிலிருந்து விலகி நின்றது இப்படித்தான். கனிமங்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இங்கே பொருத்தமாகின்றன. கட்டடக்கல் போன்ற சிறுகனிமங்களுக்கான பங்களிப்பை மாநில அரசே தீர்மானிக்கலாம், திறன் வளர்ப்பும் அந்நிதியின் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. 1991இல் வங்கிக் கடன் செய்த வேலையை இந்த நிதி செய்ய முடியும்: தொழிலாளிக்கே சொந்தமான கருவி, குவாரியில் நின்று சொல்லித்தரும் ஆள், பயிற்சி நேரத்துக்குக் கூலி. மூன்றையும் ஒரே தலைப்பில் அந்நிதியிலிருந்து கேட்கலாம்.