ஆஷ் கொலை வழக்கு: சுட்டவர் இறந்த பிறகு நடந்த விசாரணை

குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களில் பலர் பக்கத்துச் செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையைப் பார்த்திருப்பார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தவர் அவர். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நீதிமன்றத்தில் நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு குற்ற வழக்கு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அது நல்ல உதாரணம்.

யார் மீது வழக்கு?

இறந்தவர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாது. ஆனால் வாஞ்சி தனி ஆள் இல்லை, அவருக்குப் பின்னால் ஒரு ரகசிய சங்கம் இருக்கிறது என்று போலீஸ் சொன்னது. எனவே வழக்கு கொலையோடு நிற்காமல் சதி வழக்காக மாறியது. 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. அவர் மணியாச்சியில் இல்லவே இல்லை. வாஞ்சியோடு அங்கே போனதாகச் சொல்லப்பட்டவர் மைத்துனர் சங்கரகிருஷ்ணன்.

புலன் விசாரணையில் எல்லைச் சிக்கலும் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில மைல் தள்ளியிருந்த செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரு போலீசின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதும் குற்றவியல் சட்டத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று.

அப்ரூவர்

சதி என்பது மூடிய கதவுக்குள் நடப்பது. அதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? உள்ளே இருந்தவர்தான் சொல்ல வேண்டும். குற்றத்தில் பங்கு பெற்ற ஒருவர் உண்மை முழுவதையும் சொன்னால் அவருக்கு மன்னிப்பு வழங்கலாம் என்பது சட்டம். அவரே அப்ரூவர். இந்த வழக்கில் ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆனார்கள். தென்காசியில் கூடி, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாக நினைத்துக் குடித்துச் சத்தியம் செய்தார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம்.

தன் தலை தப்ப அடுத்தவரை மாட்டிவிடுபவர் சொல்லை எப்படி நம்புவது? 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம் இங்கே இரண்டு விதமாகப் பேசியது. ஒரு பிரிவு, அப்ரூவர் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் ஆகாது என்றது. இன்னொரு பிரிவு, வேறு ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டால் அவரை நம்பத் தகாதவராகக் கருதலாம் என்றது.

தீர்ப்பு

விசாரணை 1911 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. 1908-ம் ஆண்டுச் சிறப்புச் சட்டப்படி ஜூரி கிடையாது, மூன்று நீதிபதிகள் மட்டுமே. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தார்கள். சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். 1912 பிப்ரவரியில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் விடுதலையானார்கள். நீலகண்டனுக்கு ஏழு ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு. அரசுக்கு எதிராகச் சதி செய்ததற்கே இந்தத் தண்டனை. கலெக்டரே கொல்லப்பட்ட வழக்கில் ஒருவர்கூடத் தூக்குமேடை ஏறவில்லை. சதியில் இருந்தார் என்பது வேறு, இந்தக் கொலைக்கு உடந்தை என்பது வேறு. இரண்டையும் அரசு தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

இன்று

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதிநியம் அமலில் உள்ளது. அதில் அப்ரூவர் பற்றிய பிரிவில் ஒரு சிறிய மாற்றம் உண்டு. வேறு ஆதாரத்தால் உறுதி செய்யப்பட்ட சாட்சியத்தின் பேரில் தண்டிக்கலாம் என்று அது சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் ஓரிரு சொற்கள்தான் மாறியிருக்கின்றன. கூண்டில் நிற்பவருக்கு அந்தச் சொற்களில்தான் வாழ்க்கையே இருக்கிறது.