பூதங்களும் பேரமும்

டிம் பிரைஸ் எழுதி 2024இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறிய 'நை' நாடகத்தைத் திரைப்பதிவில்தான் பார்க்க வாய்த்தது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையை நிறுவிய மந்திரி அனைரின் பெவன் பைஜாமாவோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். மருந்து மயக்கத்தில் வாழ்க்கை கனவாக விரிகிறது. வார்டின் பச்சைத் திரைச்சீலைகளே பாராளுமன்றமாகின்றன. மைக்கேல் ஷீனின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் தகராறு நாடகத்தின் சரித்திரப் பார்வையோடுதான்.

1945 ஜூலைத் தேர்தலில் லேபர் கட்சி வென்றது. வேல்ஸின் டிரெடிகரில் பிறந்து, பையனாக இருக்கும்போதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய பெவனை ஆட்லி சுகாதார மந்திரியாக்கினார். 1946இல் சட்டம் நிறைவேறியது. 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் நடத்திய வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் ஜூலை 5ஆம் தேதி சேவை தொடங்கிவிட்டது. இந்த ஐந்து மாதங்களில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

நாடகம் டாக்டர்களை முகமூடி போட்ட பூதாகார முகங்களாகத் திரையில் நிறுத்துகிறது. பார்க்க அபாரம். ஆனால் பூதங்களோடு யாரும் பேரம் பேச முடியாது. பெவன் செய்ததோ பேரம். ஸ்பெஷலிஸ்டுகள் தனித்தொழிலைத் தொடரலாம். அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே பணம் கட்டும் நோயாளிகளுக்குப் படுக்கை வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே விட்டுக்கொடுத்திருந்தார். குடும்ப டாக்டர்களை முழுச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம், புதிய சட்டமில்லாமல் அது நடக்காது என்று ஏப்ரலில் உறுதியளித்தார். எதிர்ப்பு உடைந்தது.

ஒரு சோஷலிஸ்ட், தான் கட்டிய வீட்டுக்குள்ளேயே பணத்துக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுக்கிறான். நாடகம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கனவு என்ற வடிவத்துக்கு வேறொரு விலையும் உண்டு. அதில் எல்லாமே ஒருவனுடைய ஞாபகமாகத்தான் வர முடியும். டிரெடிகரில் 1890 முதலே தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. கூலியில் பிடித்த சில்லறையில் டாக்டரும் மருந்தும் ஆஸ்பத்திரியும் கிடைத்தன. அந்த ஊர் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் பெவன் உட்கார்ந்திருக்கிறார். பாங்கில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தச் சங்கத்தின் வரவுக் கணக்கே சேவையின் முதல் பிரதியாகப் படுகிறது. அது யாருடைய கனவும் அல்ல. வாராவாரம் கட்டிய காசு.

1949இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்துக்கு அரைமனதோடு சம்மதித்தவர் பெவன். 1951 ஏப்ரலில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் மந்திரிசபையை விட்டு வெளியேறினார். எதிரிகளிடம் விட்டுக்கொடுத்தவர் தன் சகாக்களிடம் முரண்டு பிடித்தது ஏன்? தியாகம் என்று சொல்லிவிடலாம். அகங்காரம் என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒரே மனிதனிடம் பார்க்கத் துணியாத மேடை நமக்குச் சிலைகளைத்தான் தரும்.