நோயும் இரைகௌவலும்: கணித மாதிரிகள்

இரையும் இரைகௌவியும் வாழும் இடத்தில் நோய் புகுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சமன்பாடுகளால் ஆராயும் துறை இது. லோட்கா (1925), வோல்ட்டெரா (1926) ஆகியோரின் இரை–இரைகௌவிச் சமன்பாடுகளும், 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தந்த தொற்று மாதிரியும் இதன் அடித்தளம். நோயுற்ற மீனைப் பறவை தின்றுவிட்டால் மற்றவை தப்பிவிடும் என்பது பொதுவான எண்ணம். பிடிபடும் வேகம் தொற்றும் வேகத்தை மிஞ்சும்வரை அது சரிதான். இரையே நஞ்சாகும்போது கணக்குத் தலைகீழாகிறது. 1996இல் கலிபோர்னியாவின் சால்ட்டன் ஏரியில், நோயுற்ற திலாப்பியாவைத் தின்ற கூழைக்கடாக்கள் பொட்டுலிசம் என்னும் பாக்டீரியா நஞ்சுநோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2001இல் சட்டோபாத்யாயும் பைராகியும் இதற்கொரு மாதிரி அமைத்தனர்: நலமான மீன், நோயுற்ற மீன், பறவை என மூன்றே சமன்பாடுகள்.

ஓர் ஏரி மூன்று சமன்பாட்டுக்குள் அடங்குமா, உப்பும் வெப்பமும் எங்கே போயின என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, எத்தனை பறவை சாகும் என்று இம்மாதிரி சொல்லாதுதான். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று சொல்லும், அதுவே பெரிய உதவி. இலங்கையில் ஆலையடிவேம்பை அண்டிய அம்பாறைக் கரையோரக் களப்புகளில் என்றாவது கொக்கோ கூழைக்கடாவோ கூட்டமாகச் செத்தால், பறவைகளை எண்ணுவதோடு நிற்காமல், நீர்மட்டத்தில் வாய்பிளந்து தள்ளாடும் மீன்களையும் எண்ண வேண்டும். பறவைக்கு எளிதில் அகப்படுபவை அவைதான்.